சரக்கு ரேக்கைச் சுவரோடு பிணைப்பது எப்படி?

ஆனி மாதம் பிறந்துவிட்டால் படவேட்டுக் கடைவீதியில் சரக்கு இறங்கத் தொடங்கிவிடும். ரேணுகாம்பாள் திருக்கோயிலுக்கு ஆடி வெள்ளிதோறும் வரும் பக்தர் கூட்டத்தை நம்பி அரிசி, வெல்லம், கற்பூரம், மஞ்சள், குங்குமம், எண்ணெய் டின் என்று வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கி அடுக்குகிறோம். பக்கத்தில் ஆரணியில் ஆவணி முகூர்த்தங்களை எதிர்பார்த்துப் பட்டுச்சேலைகள் அலமாரிகளில் ஏறுகின்றன. தரையில் இடம் போதாதபோது சரக்கு ரேக்கில் ஏறுகிறது. ரேக்கிலும் இடம் போதாதபோது ரேக்கின் தலைக்கு மேலே ஏறுகிறது.

திருட்டுக்குப் பயந்து ஷட்டருக்கு இரண்டு பூட்டு போடுகிறோம். எலிக்குப் பயந்து மூட்டைக்கு அடியில் கட்டை வைக்கிறோம். மழைக்குப் பயந்து தார்ப்பாய் கட்டுகிறோம். ஆனால் 300 கிலோ சரக்கைச் சுமந்துகொண்டு 7 அடி உயரத்துக்கு நிற்கும் ரேக், பெரும்பாலான கடைகளில் எதோடும் பிணைக்கப்படாமல் தன் கால்களிலேயே நிற்கிறது. அதன் அடியில் உட்கார்ந்து பொட்டலம் கட்டுபவர் நம் பணியாளர். அதன் பக்கத்தில் தாயின் கையை விட்டுவிட்டு மிட்டாய் பாட்டிலை எட்டிப் பார்ப்பது வாடிக்கையாளரின் குழந்தை. பள்ளி விட்டு வந்ததும் அங்கே அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது நம் பிள்ளை.

இதற்குத் தேவையான செலவு ஒரு எண்ணெய் டின்னின் விலையைத் தாண்டாது. வேலையும் அரைநாளில் முடிந்துவிடும். ஆனால் முறை தெரியாமல் செய்தால், பிணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கை மட்டுமே மிஞ்சும், பிடிப்பு இருக்காது. ஆகவே காரணத்தையும் முறையையும் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கனமான ரேக் சாயுமா?

“அவ்வளவு கனமான ரேக் எப்படி ஐயா சாயும்?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

7 அடி உயரம், 15 அங்குல ஆழம் உள்ள ஆங்கிள் ரேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சரக்கோடு சேர்த்து எடை 300 கிலோ. சரக்கு சீராக அடுக்கப்பட்டிருந்தால் எடையின் நடுப்புள்ளி முன்காலிலிருந்து ஏழரை அங்குலம் உள்ளே இருக்கும். ரேக்கை நிலைநிறுத்துவது அந்த ஏழரை அங்குலம்தான். 300-ஐ ஏழரையால் பெருக்கினால் 2250. இப்போது 6 அடி உயரத்தில், அதாவது 72 அங்குலத்தில், ஒருவர் ரேக்கை முன்னோக்கி இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2250-ஐ 72-ஆல் வகுத்தால் வருவது 31. ஆக, 300 கிலோ ரேக்கைக் கவிழ்க்க 31 கிலோ விசை போதும். மேல்தட்டில் சிக்கிக்கொண்ட டின்னை வெடுக்கென்று இழுக்கும்போது ஓர் ஆள் கொடுக்கக்கூடிய விசைதான் இது.

நம் கடைகளில் இதைவிட மோசமான நிலையும் உண்டு. கழுவிவிட்டால் தண்ணீர் வாசல் பக்கம் ஓட வேண்டும் என்று தரையைச் சரிவாகப் போடுவது வழக்கம். 15 அங்குலத்துக்கு அரை அங்குலம் வாசல் பக்கமாகச் சரிந்திருந்தால், வாசலைப் பார்த்து நிற்கும் அதே ரேக்கைக் கவிழ்க்க 25 கிலோ விசை போதுமானதாகிவிடும்.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். நிறைந்த ரேக்கைவிடக் காலியான ரேக்கில் ஆபத்து அதிகம். 40 கிலோ எடையுள்ள காலி ரேக்கை நிலைநிறுத்துவது 40 பெருக்கல் ஏழரை, அதாவது 300. இரண்டாம் தட்டில் கால் வைத்து மேல்தட்டைப் பிடித்து ஏறும் 50 கிலோ ஆளின் உடல் எடை, ரேக்கின் முன்விளிம்புக்கு வெளியே சுமார் 9 அங்குலத்தில் தொங்குகிறது. 50 பெருக்கல் 9, விடை 450. முந்நூறை நானூற்றைம்பது வென்றுவிடும். ரேக் ஏறியவர் மேலேயே விழும். கூட்டம் முடிந்து கீழ்த்தட்டு அரிசிப்பைகள் விற்றுப்போய், மேல்தட்டில் மட்டும் டின்கள் மீதமிருக்கும் நாட்களில் ஏணிக்குச் சோம்பல்பட்டு ரேக்கில் ஏறுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

நில அதிர்வும் வெளிநாட்டு அனுபவமும்

நமது பகுதியில் பெரிய பூகம்பம் இல்லை என்பது உண்மையே. ஆனால் அதிர்வே கிடையாது என்று சொல்ல முடியாது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட, ரிக்டர் அளவில் ஐந்தரையை ஒட்டிய நில அதிர்வு தமிழகத்தின் பல ஊர்களில் உணரப்பட்டது. மறு ஆண்டில் இந்திய நில அதிர்வு வரைபடம் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. 2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூருக்கு மேற்கே 3.6 அளவிலும், அடுத்த மாதம் 23-ஆம் தேதி 3.5 அளவிலும் அதிர்வுகள் பதிவாயின. இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சுவர் அசையாமல் நின்றாலும் பிணைக்காத ரேக்கும் அதன் தலையில் இருக்கும் டின்னும் அசைந்துவிடலாம் என்பதை மறக்கக் கூடாது.

நில அதிர்வே இல்லாமல் வெறும் சாய்வினாலேயே உயிர்கள் போயிருக்கின்றன. ஸ்வீடன் நாட்டு நிறுவனமான ஐக்கியா தயாரித்த இழுப்பறை அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததை அடுத்து, 2016 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளை அந்த நிறுவனம் திரும்பப் பெற முன்வந்தது. சுவரோடு பிணைக்கும் கருவிகளையும் இலவசமாகக் கொடுத்தது. துணி வைக்கும் அலமாரிகள் எளிதில் சாயாதபடி இருக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் அங்கே தனிச் சட்டமே வந்தது. அந்த அலமாரிகள் நம் சரக்கு ரேக்கைவிட உயரத்தில் குறைந்தவை, சுமையிலும் குறைந்தவை.

எடையைத் தாங்குவது வேறு, சாய்வைத் தடுப்பது வேறு

சுவரில் ஆணி அடிக்கும்போது நாம் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். சுவரில் தொங்கும் தட்டு என்றால் முழு எடையையும் சுவரே தாங்க வேண்டும். தரையில் நிற்கும் ரேக் என்றால் எடையைத் தரை தாங்கிக்கொள்ளும். சுவர் செய்ய வேண்டியது, ரேக் முன்னால் வராமல் பிடித்துக்கொள்வது மட்டுமே.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 12 அங்குல அகலமுள்ள தொங்கு தட்டில் 60 கிலோ சரக்கு வைத்து, 8 அங்குல உயரமுள்ள பிராக்கெட்டுகளால் தாங்கினால், சரக்கின் எடை முழுவதும் ஸ்க்ரூக்களைக் கீழே அழுத்துவதோடு, மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்க 45 கிலோ விசை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். இரவும் பகலும் ஆண்டு முழுவதும் இந்த இழுப்பு ஓயாது.

தரையில் நிற்கும் நமது 300 கிலோ ரேக்கையோ, 6 அடி உயரத்தில் ஒருவர் 60 கிலோ விசையோடு இழுத்தாலும், 80 அங்குல உயரத்தில் உள்ள பிணைப்புக்கு வரும் இழுவை 26 கிலோதான். அதை இரண்டு கிளாம்புகள் பகிர்ந்தால் ஒன்றுக்கு 13 கிலோ. அதுவும் அந்த ஒரு நொடிக்கு மட்டும். நல்ல செங்கல்லில் முறையாகப் பதித்த பிளக் இதைப்போல் பல மடங்கு தாங்கும்.

அதே ரேக்கைத் தரையிலிருந்து 1 அடி உயரத்தில் பிணைத்தால் அதே இழுப்புக்கு 172 கிலோ தாங்க வேண்டியிருக்கும். ஆகவே பிணைப்பு எப்போதும் ரேக்கின் உச்சிக்கு அருகில்தான் இருக்க வேண்டும். கனமான சரக்கைத் தரை ரேக்கில் வையுங்கள். தொங்கு தட்டில் தீப்பெட்டி, அகர்பத்தி, பிஸ்கட் போன்ற லேசான சரக்கை மட்டும் வையுங்கள்.

முதலில் சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

எவ்வளவு நல்ல ஸ்க்ரூ வாங்கினாலும், சுவர் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் அது பிடிக்கும். நம் ஊர்க் கடைகள் ஒரே காலத்தில் கட்டப்பட்டவை அல்ல. தெருத் திண்ணையையும் தாழ்வாரத்தையும் கடையாக மாற்றியவை உண்டு. பழைய கடைக்குப் பின்னால் புதிய குடோன் சேர்த்தவை உண்டு. ஒரே கடையில் மூன்று விதமான சுவர் இருப்பதும் உண்டு.

டிரில்லிங் மெஷினால் ஒரு சிறிய துளை போட்டு, கொட்டும் தூளைக் கையில் வாங்கிப் பாருங்கள். சுவரின் ஜாதகம் அதில் தெரியும்.

முதலில் வருவது பூச்சு. வெள்ளையாக மாவுபோல வந்தால் சுண்ணாம்புப் பூச்சு, சாம்பல் நிறமாக வந்தால் சிமெண்ட் பூச்சு. சிமெண்ட் பூச்சு பொதுவாக அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இருக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சு அதைவிடத் தடிமனாகவும் இருக்கலாம். பூச்சு எதையும் பிடித்து நிறுத்தாது என்பதை நினைவில் வையுங்கள்.

அதன் பிறகு சீராகச் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். தொடர்ந்து சாம்பல் தூள் வந்து பிட் சிரமப்பட்டு இறங்கினால் கான்கிரீட். பிட் தடையின்றிப் பொசுக்கென்று இறங்கி, மண் போன்ற தூள் வந்தால் அது கல்லுக்கு இடையில் உள்ள மண் சாந்து. சிறிது தூரம் கடினமாக இருந்து திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். பிட் வழுக்கி, வேறு பக்கம் திரும்பினால் கருங்கல்.

துளை போடுமுன் மின்சாரக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சுவருக்குள் பதித்த பைப் பெரும்பாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் செல்லும். அந்த வரிசையில் துளை வேண்டாம். சுவருக்கு மறுபக்கம் குளியலறையோ குழாயோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளக் எப்படிப் பிடிக்கிறது?

முன்பெல்லாம் சுவரை உளியால் கொத்தி, மர ஆப்பைச் சாந்து வைத்துப் பதித்து, அதில் ஆணி அடிப்பார்கள். மரம் காய்ந்ததும் சுருங்கும், ஈரம் பட்டால் உளுக்கும், கரையான் வந்தால் ஒன்றும் மிஞ்சாது. கொத்தும்போதே சுவரும் அதிரும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் நாம் ராவல் பிளக் என்று சொல்லும் பொருள். லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர்களைப் பாழாக்காமல் மின்சாரப் பொருத்திகளை மாட்ட வேண்டிய தேவை எழுந்தபோது, சணல் நாரால் ஆன சிறு குழாயைத் துளையில் செருகி அதற்குள் ஸ்க்ரூ முறுக்கும் முறையைக் கண்டார். 1911-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ராலிங்ஸ் என்ற பெயரிலிருந்து வந்த ராவல் பிளக் என்ற பெயரைத்தான் இன்று நம் ஹார்ட்வேர் கடைகளில் சொல்லிக் கேட்கிறோம். பின்னர் 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் பிஷர் நைலானில் பிளக் செய்தார். இன்று நாம் வாங்கும் பிளாஸ்டிக் பிளக்குகள் அந்த வழியில் வந்தவை.

வேலை செய்யும் விதம் எளிது. ஸ்க்ரூ உள்ளே போகப்போக பிளக் விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் பிடிப்பு. துளை பெரிதாகிவிட்டால் அழுத்தம் இல்லை. துளைக்குள் தூள் இருந்தால் பிளக் தூளின் மேல் வழுக்கும். பிளக் பாதி பூச்சுக்குள் நின்றுவிட்டால் பூச்சோடு பெயர்ந்து வரும். பிணைப்பு கழன்று வந்த இடங்களைப் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

செங்கல் சுவரில் ரேக்கைப் பிணைக்கும் முறை

ஆங்கிள் ரேக்குக்கு 10 மி.மீ. குறுக்களவும் 50 மி.மீ. நீளமும் உள்ள நைலான் பிளக், 6 முதல் 8 மி.மீ. கனமுள்ள 3 அங்குல ஸ்க்ரூ, 3 மி.மீ. தடிமனுள்ள எல் கிளாம்ப், அகலமான வாஷர் ஆகியவை போதும். 4 அடி அகல ரேக்குக்குக் குறைந்தது இரண்டு கிளாம்புகள். அதைவிட அகலமானால் மூன்று.

1. ரேக்கைக் காலி செய்யுங்கள். பக்கத்தில் திறந்திருக்கும் அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றையும் தார்ப்பாயால் மூடுங்கள். செங்கல் தூள் உணவில் விழக் கூடாது.

2. ரேக்கை இடத்தில் நிறுத்தி ரசமட்டம் வையுங்கள். முன்பக்கம் சரிந்திருந்தால் முன்கால்களுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து, ரேக் இம்மியளவு சுவர்ப் பக்கமாகவே சாயும்படி செய்யுங்கள். அட்டையை மடித்து வைக்காதீர்கள். ஈரத்தில் அது நசுங்கிவிடும்.

3. ஈரத்துக்காகவும் எலிக்காகவும் சுவரிலிருந்து இடைவெளி விட்டு ரேக் வைப்பது நல்ல பழக்கமே. அதைக் கைவிட வேண்டாம். இடைவெளி அளவுக்கு ஒரு மரக்கட்டையை உச்சியில் ரேக்குக்கும் சுவருக்கும் நடுவில் கொடுத்து, அதன் வழியாக ஸ்க்ரூவைச் செலுத்துங்கள். கட்டையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஸ்க்ரூவின் நீளத்தையும் கூட்டுங்கள்.

4. ரேக்கின் மேல்தட்டு உயரத்தில், செங்கல்லின் நடுவில் துளை வரும்படி குறியிடுங்கள். கதவு, சன்னல் விளிம்பிலிருந்து அரை அடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஓட்டுக் கூரைக் கடைகளில் சுவரின் உச்சி வரிகள் மேலே சுமை இல்லாததால் தளர்ந்திருக்கும். அங்கே உச்சியிலிருந்து ஒரு அடியாவது கீழே இறங்கித் துளையிடுங்கள்.

5. 10 மி.மீ. பிளக்குக்கு 10 மி.மீ. பிட் மட்டுமே. பூச்சு 15 மி.மீ., பிளக் 50 மி.மீ., அடியில் தூள் தங்க 10 மி.மீ., ஆக 75 மி.மீ. ஆழம். பிட்டின் மேல் அந்த அளவில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. மெஷினை நேராகப் பிடியுங்கள். ஆட்டினால் துளை அகலமாகிவிடும்.

6. துளைக்குள் உள்ள தூளைச் சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்றுங்கள். ஊதும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

7. பிளக்கைச் செருகி, பூச்சைத் தாண்டி முழுவதும் செங்கல்லுக்குள் போகும்வரை ஸ்க்ரூ முனையாலேயே தட்டி இறக்குங்கள். விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகும் பிளக் பிடிக்காது. அப்படியானால் அடுத்த அளவு பிளக்குக்கு மாறுங்கள். தீக்குச்சியும் காகிதமும் திணித்துச் சமாளிக்க வேண்டாம்.

8. கிளாம்பை வைத்து ஸ்க்ரூவை முறுக்குங்கள். கடைசி இரண்டு சுற்றில் கை கனக்க வேண்டும். கடைசிவரை லேசாகவே சுற்றினால் அந்தத் துளை பயனில்லை. நான்கு அங்குலமாவது தள்ளி வேறு துளை போடுங்கள்.

9. சரக்கு ஏற்றுவதற்கு முன் காலி ரேக்கை உச்சியில் பிடித்து பலமாக இழுத்துப் பாருங்கள். கிளாம்ப் அசையக் கூடாது, பூச்சில் வெடிப்பு விழக் கூடாது.

உப்பு மூட்டைக்கு அருகில் இருக்கும் ரேக்குக்குத் துத்தநாகப் பூச்சுள்ள ஸ்க்ரூவே போடுங்கள். சாதாரண இரும்பு ஸ்க்ரூவை உப்பு ஈரம் அரித்துவிடும். தலை மட்டும் பளபளவென்றிருக்க, உள்ளே தண்டு துருப்பிடித்து இற்றுப்போயிருக்கும்.

வேறு வகைச் சுவர்கள்

லிண்டல் கான்கிரீட்: புதிய கட்டடங்களில் 7 அடி உயரத்தில் சுவரைச் சுற்றி லிண்டல் ஓடினால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரேக்கின் உச்சிக்கு நேராகக் கான்கிரீட்டே கிடைக்கிறது. இங்கே இரும்பு ஆங்கர் போல்ட் போடலாம். துளையில் கம்பி தட்டுப்பட்டால் அதை அறுக்காமல் இடத்தை மாற்றுங்கள். ஆனால் இதே இரும்பு ஆங்கர் போல்ட்டைச் செங்கல்லில் போடாதீர்கள். அது விரியும் வேகத்தில் நாட்டுச் செங்கல் பிளந்துவிடும்.

நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்: இதில் அதிர்வு கொடுக்கும் ஹேமரை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில் மெதுவாகத் துளையிடுங்கள். தரை ரேக்கைப் பிணைக்கலாம். கனமான தொங்கு தட்டு வேண்டாம்.

ஹாலோ பிளாக்: சாதாரண பிளக் வெற்றிடத்தில் விரிந்து பயனில்லாமல் போகும். மறுபக்கம் போய் விரிந்து பிடிக்கும் வகைப் பிளக்குகள் இதற்கென்றே உள்ளன. கடைக்காரரிடம் “ஹாலோ பிளாக்குக்கு” என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பிளாக்கைத் தாண்டிக் கான்கிரீட் தூண் அருகில் இருந்தால் அதில் பிணைப்பது இன்னும் நல்லது.

மண் சாந்துச் சுவர்: பழைய வீடுகளில் இதுதான் அதிகம். கல் நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு கல்லையும் பிடித்திருப்பது மண். ஒரே கல்லில் இழுத்தால் அந்தக் கல்லே உருவி வரலாம். இங்கே இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, 4 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள பலகையை ரேக்கின் முழு அகலத்துக்கும் சுவரில் படுக்கையாக வைத்து, ஐந்தாறு வெவ்வேறு கற்களில் பிளக் போட்டு இறுக்கி, ரேக்கை அந்தப் பலகையோடு பிணைப்பது. பலகையின் தடிமனுக்கு ஏற்ப ஸ்க்ரூவும் நீளமாக வேண்டும். இழுப்பு பல கற்களுக்குப் பகிர்ந்துவிடும். இரண்டாவது வழி, சுவரை ஊடுருவி 10 அல்லது 12 மி.மீ. மரைக்கம்பியைச் செலுத்தி, மறுபக்கம் அரை அடிச் சதுர இரும்புத் தகடு வைத்து நட்டு போடுவது. இதுவே உறுதியானது. மறுபக்கம் வெளிச்சுவராக இருந்தால் மழைநீர் இறங்காதபடி தகட்டைச் சுற்றிச் சாந்து பூசிவிடுங்கள். நட்டை அளவுக்கு மீறி முறுக்கிச் சுவரை நசுக்க வேண்டாம்.

கருங்கல் சுவர்: கல்லில் துளை போட்டால் பிடிப்பு மிக நன்று, ஆனால் பிட்டுக்கும் ஆளுக்கும் வேலை அதிகம். சுலபமாக இருக்கிறது என்று கல் இடுக்கில் உள்ள சாந்தில் துளையிடாதீர்கள்.

எந்தச் சுவரும் ஒத்துவரவில்லை என்றால், கடைக்குள் இருக்கும் மரத்தூணோ உத்தரமோ உதவும். கடையின் நடுவில் நிற்கும் ரேக்குகளை முதுகோடு முதுகாக வைத்து உச்சியில் போல்ட் போட்டு ஒன்றாக்கிவிட்டால், 15 அங்குல ஆழம் 30 அங்குலமாகிவிடும். நாம் மேலே போட்ட கணக்குப்படி, அவற்றின் மொத்த எடையும் இரட்டிப்பாவதால், கவிழ்க்கத் தேவையான விசை நான்கு மடங்காகிறது. அதோடு தலைக்கு மேலே ஓர் ஆங்கிளைக் குறுக்கே ஓடவிட்டுச் சுவரோடு சேர்த்தால் கவலையே இல்லை.

பீரோ, பட்டு அலமாரி, பிரிட்ஜ்

இரும்பு பீரோவின் பின்தகடு மெல்லியது. அதில் நேராக ஸ்க்ரூ போட்டால் தகடு கிழிந்துவிடும். உள்பக்கம் ஒரு மரத்துண்டை வைத்து, தகட்டையும் மரத்தையும் சேர்த்து அகல வாஷரோடு பிணைக்க வேண்டும். பீரோவின் கதவுகள் இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கும்போது எடை முன்னால் வருகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பட்டுச்சேலை லேசான சரக்கு என்ற எண்ணம் தவறு. ஒரு சேலை முக்கால் கிலோ என்று வைத்தாலும் 200 சேலை 150 கிலோ. அந்தச் சேலைகள் நெய்யப்படும் இடத்தைப் பாருங்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியை ஏற்றி நிறுத்தும் நெசவாளர், சட்டங்களை இறுக்கி, ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடியில் உட்கார்ந்து நெய்யத் தொடங்குவார். அதே கவனம் சேலை விற்கும் இடத்திலும் தேவை. கண்ணாடி பதித்த அலமாரியானால் இருமடங்கு தேவை.

பிரிட்ஜிலும் குளிர்பானப் பெட்டியிலும் எங்கேயும் துளை போடாதீர்கள். உள்ளே வாயுக் குழாய் ஓடுகிறது. அகலமான பெல்ட்டால் சுற்றிச் சுவரில் உள்ள கொக்கியோடு பிணைப்பதே முறை.

பிணைத்த பிறகும் கவனம் தேவை

சுவரோடு பிணைத்துவிட்டதால் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்று ஆகாது. கனமான சரக்கு கீழே, லேசானது மேலே என்ற பழைய விதி மாறவில்லை. எண்ணெய் டின்னையும் வெல்லப் பெட்டியையும் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். மூட்டை அடுக்கை ரேக்கில் சாய்த்து வைக்காதீர்கள். விற்பனையின்போது முதலில் மேல்தட்டைக் காலி செய்யுங்கள், கீழ்த்தட்டைக் கடைசியில். கடைக்கு ஒரு நல்ல ஏணி வாங்கி, ரேக்கில் யாரும் ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முதலாளியும் ஏறாமல் இருந்தால்தான் பணியாளர் அந்தச் சொல்லை மதிப்பார்.

வாடகைக் கடையானால் துளையிடுமுன் கட்டட உரிமையாளரிடம் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்வது நல்லது. காலி செய்யும்போது துளைகளை அடைத்துத் தருவதாகச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பக்கத்துக் கடைக்கும் பொதுவான சுவரில் ஊடுருவிக் கம்பி போட வேண்டுமானால் பக்கத்துக் கடைக்காரரின் சம்மதமும் வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை, ஆடிக்கு முன்பும் ஆயுத பூஜைக்குக் கடையை ஒழித்துச் சுத்தம் செய்யும்போதும், ஒவ்வொரு கிளாம்பையும் கையால் அசைத்துப் பாருங்கள். தளர்ந்ததை முறுக்குங்கள். துருப்பிடித்ததை மாற்றுங்கள். பூச்சு உப்பிய இடத்தில் பிணைப்பை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

உறுப்பினர்கள் தனித்தனியே மெஷின் வாங்க வேண்டியதில்லை. ஒரு தெருவில் உள்ள பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து, ஒரு மெஷினையும் அனுபவமுள்ள ஓர் ஆளையும் இரண்டு நாட்களுக்கு ஏற்பாடு செய்தால் முழுத் தெருவின் ரேக்குகளையும் பிணைத்துவிடலாம். சரக்கு வந்து இறங்கிய பிறகு ரேக்கைக் காலி செய்ய யாருக்கும் மனம் வராது. ஆகவே அடுத்த லோடு இறங்குவதற்கு முன்பாக, ரேக்குகள் பாதி காலியாக இருக்கும் ஒரு நாளைப் பார்த்து இந்த வேலையை முடித்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.